சீட்டின் கடைசிக் கட்டம்

வாங்க, வாங்க. தலையைக் குனிஞ்சுக்குங்க, ஷட்டர் பாதிக்கு மேல ஏறாது. மிசின் பாக்க வந்தவர்தானுங்களே? முதலாளி காலையிலேயே போன் பண்ணிட்டாரு, திருப்பூர்ல இருந்து மிசின் புரோக்கர் ஒருத்தர் வருவாரு, தொறந்து காட்டுய்யான்னு. சாவி எப்பவும் எங்கிட்டத்தானுங்க. பதினோரு வருசமா இந்த இடுப்புலதான் தொங்குது. கம்பெனி போயிருச்சு, சாவி போகலை.

நம்ம பேரு சென்னியப்பன். இந்தக் கம்பெனிக்கு ஸ்டோர் கீப்பர். இருந்தேன்னு சொல்லோணும், வாய் வரமாட்டேங்குது. பள்ளிக்கூடத்துப் பசங்க முதுகுல மாட்டிட்டுப் போறாங்களே, அந்த பேக்குதான் இங்க தைச்சது. பதினாலு மிசின், பதினாலு பொம்பளைங்க, கட்டிங்குக்கு ரெண்டு ஆம்பளை, ஸ்டோருக்கு நான், எல்லாத்துக்கும் மேல முதலாளி ஆறுச்சாமி. அவ்வளவுதானுங்க கம்பெனி.

நீங்க நிதானமாப் பாருங்க. எல்லா மிசினுக்கும் எண்ணெய் விட்டு வெச்சிருக்கறேன். யாரும் விடச் சொல்லலை, நானா வாரத்துக்கு ஒருக்கா வந்து விடறேன். நான் பாட்டுக்குப் பேசிட்டிருப்பேன், நீங்க பாட்டுக்குப் பாருங்க. பேச ஆள் கெடைச்சு மூணு மாசமாச்சு. வீட்டுல வாயத் தொறந்தா, "மறுக்கா அந்த டப்பாக் கதையா"ன்னு எம்பொண்டாட்டி எந்திரிச்சு அக்கட்டால போயிர்றா.

யாருக்குங்க இந்த மிசினெல்லாம்? சொல்லக் கூடாதுங்களா? சரி, புரோக்கர்னா அப்படித்தான். புதுசா யாரோ ஆரம்பிக்கறாங்க போலிருக்குது. அவங்களுக்கு ஸ்டோர் பாக்க ஆள் வேணுமான்னு ஒரு வார்த்தை கேட்டு வைங்க. சும்மா சொல்றேன். அம்பத்தாறு வயசானவனை எவனும் எடுக்க மாட்டேங்கறான். அனுபவம்னு ஒண்ணு இருக்குதில்லீங்க?

ஊருக்குள்ள டீக்கடையில கேட்டீங்கன்னா ஒரு கதை சொல்லுவாங்க. சென்னியப்பன்தான் கம்பெனிய மூடுனான்னு. பாவம் ஒரு பக்கம், பழி ஒரு பக்கம். நடந்தது என்னன்னு நான் சொல்றேன், நீங்களே ஞாயம் சொல்லுங்க.

முன்ன எல்லாம் முதலாளி வருசாவருசம் பொங்கல் கழிஞ்சதும் கோயமுத்தூர் போவாரு. ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு சேட்டுக் கடை. ஜிப்பு ரோல், ரன்னரு, பக்கிளு, நூலு எல்லாம் நாலு மாசத்துக்கு ஒட்டுக்கா வாங்கி மினி லாரியில கொண்டாந்து எறக்கிருவாரு. ரன்னர்னா தெரியுமில்லீங்க, ஜிப்பைத் தொறக்க இழுக்கறோமே, அந்தச் சின்ன இரும்பு. ஒரு பேக்குக்கு மூணு ரன்னர் வேணும். அட்டாலி பூரா மூட்டை. எலி குட்டி போட்டுக் கெடக்கும். நான் மேல ஏறி எண்ணுறதுக்குள்ள இடுப்பு கழண்டு போயிரும்.

ஏழு வருசத்துக்கு முந்தி தொழில் சங்கத்துல ரெண்டு நாள் பயிற்சி வெச்சாங்க. சப்ளை செயின் மேனேஜ்மென்டுன்னு பெரிய பேனர். முதலாளிக்குச் சோலி, நீ போய்ட்டு வாய்யான்னுட்டாரு. கோட்டுப் போட்ட ஒருத்தர் பேசுனாரு பாருங்க, அப்படியே நெஞ்சுல ஒக்காந்துருச்சு. கையில சரக்கை அடைச்சு வெச்சிருக்கறது வயித்துல கட்டிய வளத்தற மாதிரின்னாரு. என்னைக்கு வேணுமோ அன்னைக்கு வரோணும், வந்தது அன்னைக்கே தீரோணும். அதுதான் தெறமைன்னாரு. கடைசியில சர்ட்டிபிகேட்டும் குடுத்தாங்க. அதா, சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டியிருக்கறேன் பாருங்க. பேரு மட்டும் சென்னியப்பாண்டின்னு போட்டுட்டாங்க. பரவாயில்லை, நாந்தானுன்னு எல்லாருக்கும் தெரியும்.

வந்ததும் வராததுமா ரெண்டு வேலை செஞ்சேன். ஒண்ணு, சேட்டுக் கடைய நிறுத்துனேன். டில்லியில ஒரு ஏஜென்டு, ஜிப்பு ஒரு எடம், ரன்னரு இன்னொரு எடம், எங்க கொறைச்சலோ அங்க. வாராவாரம் போன்ல சொன்னா லாரி பார்சல்ல வந்துரும். அட்டாலி காலியாச்சு. முதலாளி மேல பாத்துட்டு, "அட, ஓடு தெரியுதே"ன்னு சிரிச்சாரு. அவ்வளவு பெருமையா இருந்துச்சுங்க எனக்கு.

இன்னொண்ணு, சீட்டு. ஸ்டோர்ல இருந்து ஒரு ஊசி வேணும்னாலும் சீட்டு எழுதிக் குடுக்கோணும். அஞ்சு கட்டம். தேதி, பொருள், அளவு, எண்ணிக்கை, எதுக்கு. அந்தக் கடைசிக் கட்டம் இருக்குது பாருங்க, எதுக்கு, அது எந்தக் கோட்டுக்காரரும் சொல்லிக் குடுக்கலை. முழுக்க என் ரோசனை. இந்தப் பொம்பளைங்க அதுல "தைக்க"ன்னு எழுதிட்டு வந்து நிப்பாங்க. திருப்பி அனுப்பிச்சிருவேன். தைக்காம என்ன, திங்கறதுக்கா? எந்த ஆர்டரு, எந்த பேக்கு, எந்தப் பாக்கெட்டு, எல்லாம் எழுதுன்னுருவேன். பாதிப் பேருக்கு எழுத வராது. லூர்துமேரிதான் எல்லாருக்கும் எழுதிக் குடுப்பா.

ஏனுங்க, அந்த மிசினை விட்டு வாங்க. ஏழாம் நம்பரு. அது லூர்து ஓட்டுனது. அதையே ஏன் மூணு தடவை தொட்டுப் பாக்கறீங்க? பத்தாம் நம்பரைப் பாருங்க, மோட்டார் புதுசு.

லூர்துன்னா யாருன்னு சொல்லலைல்ல. அவதானுங்க இந்தக் கதையே. நாப்பது வயசிருக்கும். எனக்கு முன்னாடியே இங்க சேந்தவ. வாய் பேசமாட்டா, கை பேசும். மத்தவங்க நாள் பூரா இருவது பேக்குன்னா அவ இருவத்தெட்டு. எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும். இவ்வளவு இருந்து என்ன பிரயோசனம், மனசுல ஒரு எண்ணம் வெச்சிருந்தா.

அவங்களுக்கு இங்க என்னங்க கொறை? நீங்களே சொல்லுங்க. ரெண்டு வேளை டீ. தீபாவளிக்குச் சேலை, கிறிஸ்துமஸ் கும்புடறவங்களுக்கு அப்பச் சேலை. தலைக்கு மேல ஃபேன். அப்படியிருந்தும் பதினாலு பேரும் மூஞ்சியத் தூக்கியே வெச்சிருப்பாங்க. கேட்டா, சரக்கு வரலையாம். லாரி ஒரு நாள், ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆகத்தான் செய்யும். டில்லி என்ன பக்கத்துத் தோட்டமா? தைச்சாத்தான் கூலிங்க இங்க, பேக்குக்கு இவ்வளவுன்னு. அதனால ஒக்காந்திருக்கறப்ப அவங்களுக்கு வெசனமாத்தான் இருக்கும். அது எனக்குப் புரியாம இல்லை. அதுக்காக வீட்டுக்கு அனுப்ப முடியுங்களா? பதினோரு மணிக்கு லாரி வந்துருச்சுன்னா? அதனால கேட்டைப் பூட்டி, இங்கயே ஒக்காருங்கன்னுருவேன். மிசின் ஓடாதப்ப ஃபேன் எதுக்கு, அதையும் நிறுத்திருவேன். செலவைக் கட்டுப்படுத்தறதும் பயிற்சியில சொன்னதுதான்.

சும்மா ஒக்கார முடியலைன்னு ஒருத்தி ஓட்டல்காரன்கிட்டப் பேசி சின்ன வெங்காயம் வாங்கிட்டு வந்துட்டா. உரிச்சுக் குடுத்தா கிலோவுக்கு இவ்வளவுன்னு. நாலு நாள்ல பதினாலு பேரும் வெங்காயம் உரிக்கறாங்க, மிசின் மேல தோலு பறக்குது. பேக்கெல்லாம் சாம்பார் நாத்தம். தூக்கி வெளிய வெச்சேன். கம்பெனியா, கல்யாண வீட்டுச் சமையல்கட்டான்னு கத்துனேன். லூர்து மட்டும் தலை நிமிந்து, "சரக்கு வாங்கிக் குடுங்கண்ணா, வெங்காயத்தை விட்டர்றோம்"ன்னா. அத்தனை பேருக்கு முன்னாடி. அன்னைக்கே மனசுல குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

சரக்கு வந்தா மட்டும் சந்தோசப்படறாங்களா? அதுவும் இல்லை. சனிக்கிழமை பொழுதோட லாரி வரும், ஞாயித்துக்கிழமை வந்து தைங்கன்னா மொணமொணப்பு. போன மார்ச் கடைசியில இருந்து ஏப்ரல் பூரா அவங்க ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுல இருக்கலை. சீசன்னா அப்படித்தானுங்க. பெரிய வெள்ளிக்கிழமை அன்னைக்குக் காலையில பாத்து ஜிப்பு வந்து எறங்குச்சு. நான் லூர்து வீட்டுக்கு ஆளனுப்பிச்சேன். சிலுவைப் பாதை முடிஞ்சு, உபவாசத்தோட, வெறுங்காலோட நேரா இங்க வந்து மிசின்ல ஒக்காந்தா. ஒரு வார்த்தை பேசலை. பேசாம இருந்தா திருப்திதானேன்னு நான் நெனைச்சேன்.

அன்னைக்குத்தானுங்க வினை ஆரம்பிச்சுது. ஜிப்பு வந்துச்சு, ரன்னர் வரலை. அது வேற எடத்துல இருந்து வாற சரக்கு. அறுவது பேக்கு பாக்கி, சாயங்காலம் ஆர்டர் குடுத்த பார்ட்டி வண்டியோட வந்து நிக்கறான். முதலாளிக்கு வேர்த்துக் கொட்டுது. லூர்து எந்திரிச்சா. மிசினுக்கு அடியில இருந்து ஒரு பிஸ்கோத்து டப்பா எடுத்தா. தொறந்தா, பூரா ரன்னர், நாங்க வெச்சுத் தைக்கற அஞ்சாம் நம்பர் ஜிப்புக்குச் சேர்ற அளவு. கறுப்பு தனி, நீலம் தனி, சின்னச் சின்னப் பொட்டலமா மடிச்சு வெச்சிருக்கறா. நூத்தி எம்பது எண்ணி எடுத்து எல்லா மிசினுக்கும் பங்கு போட்டா. ரெண்டு மணி நேரத்துல அறுவது பேக்கும் போயிருச்சு. முதலாளி கை தட்டுனாருங்க. "லூர்து, நீதான் இந்தக் கம்பெனியோட ஸ்டோரு"ன்னாரு.

கேட்டீங்களா? நான் நின்னுட்டிருக்கறேன், இடுப்புல சாவியோட, எனக்கு முன்னாலயே சொல்றாரு. அவரு வெளையாட்டாச் சொன்னாரு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கலை.

ரோசனை பண்ணிப் பாருங்க. எங்க இருந்து வந்துச்சு அது? கேட்டா, வெட்டிப் போட்ட ஜிப்புத் துண்டுல ஒட்டிட்டு இருந்ததாம், கூட்டிக் குப்பையில போறதைப் பொறுக்குனதாம், ஏழு வருசமாச் சேத்ததாம், சரக்கு நின்னா கை நிக்கக் கூடாதுன்னாம். என் புத்தகத்துல அதெல்லாம் இல்லை. ரன்னர் இருப்பு, பூஜ்ஜியம்னு அன்னைக்குக் காலையிலதான் எழுதியிருக்கறேன். நான் பூஜ்ஜியம்னு எழுதுன எடத்துல அவ நூத்தி எம்பதை எடுத்துக் கொட்டுறா. அப்ப நான் யாரு? கம்பெனிக்குள்ள கணக்குல வராத சரக்கு ஒருத்திகிட்ட இருந்தா அதுக்குப் பேரு என்னங்க? வாயில வரமாட்டேங்குதில்லை? எனக்கு வந்துச்சு.

திங்கக்கிழமை எல்லாரும் கெளம்பறப்ப கேட்டுல நின்னேன். லூர்து, பையத் தொறன்னேன். சோத்து டப்பா, ஜெபமாலை, ஒரு துண்டு. ஒண்ணுமில்லை. மிசினுக்கு அடியில இருந்து அந்த பிஸ்கோத்து டப்பாவை எடுத்துட்டு வரச் சொன்னேன். பதினாலு பேருக்கு நடுவுல, "இதுக்குச் சீட்டு எங்க?"ன்னேன். "இது குப்பைண்ணா"ன்னா. "குப்பைக்கும் கம்பெனிதான் சொந்தக்காரன்"னேன். முதலாளி பக்கத்துல நின்னாருங்க. செருப்பைப் பாத்துட்டு நின்னாரு. லூர்து அவரையே பாத்தா. நெம்ப நேரம் பாத்தா. அப்புறம் டப்பாவை எங் கையில குடுத்துட்டுப் போயிட்டா.

நான் மொறையாத்தான் செஞ்சேன். ஒக்காந்து எண்ணுனேன். ஆயிரத்து இருநூத்தி அறுவத்தி நாலு. ஸ்டிக்கர் ஒட்டி, டேப்பு சுத்தி, "விசாரணையில் உள்ள சரக்கு, தொடக் கூடாது"ன்னு எழுதி, என் அலமாரியில கண்ணு மட்டத்துக்கு வெச்சேன். அன்னையில இருந்து கேட்டுல எல்லாப் பையும் சோதனை. அதுக்கப்புறம் ஒருத்தியும் ஒரு நூல் துண்டைக்கூடக் கீழ இருந்து பொறுக்கலை. கட்டுப்பாடுன்னா அது. தரையக் கூட்டுனா ரன்னரு கலகலன்னு மொறத்துல விழும், அப்படியே கொண்டு போய்க் குப்பையில கொட்டுவாங்க. சுத்தம்னா சுத்தம்.

என்ன, சிரிக்கறீங்க? இல்லையா? சரி.

மே மாசக் கடைசியில வந்துச்சு பாருங்க பெரிய ஆர்டர். ஒரு டிரஸ்டுக்காரங்க, அஞ்சு ஸ்கூல், நாலாயிரம் பேக்கு. அது முடிஞ்சா வருசா வருசம் நமக்குத்தான்னுட்டாங்க. முதலாளி ரெண்டு மிசின் கடன்ல வாங்கலாமான்னு கேட்டாரு. ஜிப்பு வந்துருச்சு, துணி வந்துருச்சு. ரன்னருக்குப் போன் பண்ணுனா அந்த ஏஜென்டு, அஞ்சாம் நம்பர் இல்லீங்க, எட்டாம் நம்பர் இருக்குது, இன்னைக்கு வண்டி ஏத்துனா நாலு நாள்ல வந்துரும், விட்டா அடுத்த வாரம்ன்னான். நான் ஏத்துங்கன்னுட்டேன். வாரம் தவறக் கூடாதில்லீங்க? ரன்னர்னா ரன்னர்தானே. நான் என்ன மிசின்லயா ஒக்காந்திருக்கறேன்?

வந்துச்சு. மாட்டிப் பாத்துட்டு, எட்டு அஞ்சுல நிக்காதுண்ணா, இழுத்தா பல்லு சேராது, கழண்டு வருதுங்கறாங்க. நான் நம்பலை. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்ன்னாளாம்னு சொன்னேன். லூர்து ஒரு ஜிப்புல மாட்டி எங் கையில குடுத்தா. இழுத்தேன். ரன்னர் எங் கையோட வந்துருச்சு.

நாலு நாள் போச்சுங்க அப்படியே. பதினாலு பேரும் ஃபேன் இல்லாம, வெங்காயம் இல்லாம, பொழுதன்னைக்கும் சுவத்தைப் பாத்து ஒக்காந்திருந்தாங்க. முதலாளி டிரஸ்டுக்காரங்க கால்ல விழாத கொறை. கடைசியில அவங்க எறங்கி வந்து, சரி, திங்கக்கிழமை தொறக்கற மொதல் ஸ்கூலுக்கு நானூறு பேக்காச்சும் குடுங்க, மீதிக்கு ஒரு வாரம் தர்றோம், அதுவும் முடியலைன்னா வேற எடம் பாத்துக்கறோம்னுட்டாங்க. அது சொன்னது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில முதலாளி அந்தப் பழைய சேட்டுக் கடைக்கு ஓடுனாரு. சீசன், கடையத் தொடச்சு எடுத்தாச்சு. "தை மாசம் வாங்கற ஆளு வைகாசியில வந்து நின்னா நான் என்னங்க பண்றது"ன்னானாம் சேட்டு. அங்க இருந்தே எனக்குப் போன் பண்ணுனாரு. கொரல் அழுகற மாதிரி இருந்துச்சு. "சென்னியப்பா, அட்டாலியில, மூலையில, எங்கயாச்சும் பழைய அஞ்சாம் நம்பர் கெடக்குதாய்யா? ஆயிரத்து எரநூறு போதும். நல்லாப் பாருய்யா."

பாத்தேன். புத்தகத்தைப் பாத்தேன். பூஜ்ஜியம். "இல்லீங்க"ன்னேன்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? டப்பா தெரிஞ்சுதுங்க. கண்ணு மட்டத்துல இருக்கறது தெரியாமப் போகுமா? பாக்கலைன்னு நான் பொய் சொல்லலை. ஆனா புத்தகத்துல இல்லாத சரக்கை இருக்குதுன்னு எப்படிச் சொல்றது? அதை எடுத்துக் குடுத்தா, அது குப்பையில பொறுக்குனது, நல்ல சரக்கு, அவ செஞ்சது சரின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி ஆகாதா? அப்புறம் சீட்டு எதுக்கு, ஸ்டோர் எதுக்கு, நான் எதுக்கு? எம்பொண்டாட்டிகிட்ட இதைச் சொன்னப்ப, "கையில வெண்ணெயை வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைய விட்டீங்களாக்கும்"ன்னா. அவளுக்கு என்ன தெரியும், ஸ்டோர்னா என்னன்னு.

லூர்துகிட்டப் போய்க் கேட்டேன், இன்னும் எங்கயாச்சும் சேத்து வெச்சிருக்கறயான்னு. இல்லைன்னா. அப்புறம் மெதுவாச் சொன்னா. "அண்ணா, டப்பா உங்க அலமாரியிலதான் இருக்குது. நாங்க பதினாலு பேரும் காலையில வந்ததுல இருந்து அதைத்தான் பாத்துட்டு இருக்கறோம். எடுத்துக் குடுங்க, இன்னைக்கும் நாளைக்கும் ஒக்காந்து நானூறையும் தைச்சர்றோம். நாளைக்கு ஞாயித்துக்கிழமைதான், பரவாயில்லை."

அவளே சொன்னாளுங்க, பரவாயில்லைன்னு. நான்தான், "அது விசாரணையில இருக்கற சரக்கு, எடுக்க முடியாது"ன்னேன். "யாருண்ணா விசாரிக்கறாங்க?"ன்னா. கோவமாத்தான் கேட்டிருப்பா. ஆனா கோவம் மாதிரி தெரியலை.

சோத்துப் பையை எடுத்துக்கிட்டா. கேட்டுக்கிட்ட வந்து, நான் கேக்காமயே பையத் தொறந்து எனக்குக் காட்டுனா. காட்டிட்டுப் போனா. அவளுக்குப் பின்னால அடுத்தவ. தொறந்து காட்டுனா, போனா. பதினாலு பேருங்க. ஒவ்வொருத்தியா. ஒருத்தியும் திரும்பிப் பாக்கலை. நான் ஒவ்வொரு பையாப் பாத்துக்கிட்டே நின்னேன். வேற என்ன பண்றது?

திங்கக்கிழமை யாரும் வரலை. ஆர்டர் போச்சு. முதலாளி வீடு வீடாப் போய்க் கூப்புட்டாரு. லூர்து வீட்டுல தண்ணி குடுத்தாங்களாம், பதில் குடுக்கலையாம். டப்பாவுல அவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு இன்னைய வரைக்கும் அவருக்குத் தெரியாது, அந்த அறுவது பேக்கோட தீந்துருச்சுன்னு நெனைச்சுட்டாரு. அவளும் சொல்லலை. கேட்டுல நின்னப்ப அவரு செருப்பைப் பாத்தாரே, அதுக்குப் பதில் அதுன்னு வெச்சுக்குங்க. நானும் சொல்லலை. மூணு மாசம் ஆச்சு. இடத்தை ஒரு லாரி பார்சல்காரன் குடோனுக்குக் கேட்டிருக்கான். எங்க வீட்டுல இப்ப எம்பொண்டாட்டி ஓட்டலுக்குச் சின்ன வெங்காயம் உரிச்சுக் குடுக்கறா. வீடே நாத்தம். நான் ஒண்ணும் சொல்றதில்லை.

ஆச்சுங்களா பாத்து? எதெது வேணும், சொல்லுங்க, எழுதிக்கறேன். ஓ, லிஸ்ட்டே எழுதிக் கொண்டாந்துட்டீங்களா? குடுங்க. கண்ணாடி எங்க வெச்சேன். ஆங்.

தேதி. பொருள், தையல் மிசின். அளவு. எண்ணிக்கை, ஆறு. நம்பர் ஏழு, எட்டு, பதினொண்ணு...

இது...

இந்த எழுத்து எனக்குத் தெரியுமுங்க. ஏழு வருசம் தினமும் பாத்த எழுத்து. அப்ப உங்க பார்ட்டி அவதானா? லூர்தா? அவளும் இன்னும் அஞ்சு பேருமா? சொந்தமாவா? எங்க, கோயில் வீதிலயா? சரி. சரி. நல்லா இருக்கட்டும். நான் என்ன, கெட்டுப் போகணும்னா சொன்னேன்?

அடியில ஒரு வரி இருக்குது. பொருள், பிஸ்கோத்து டப்பா. அளவு, அஞ்சாம் நம்பர். எண்ணிக்கை, ஆயிரத்து இருநூத்தி அறுவத்தி நாலு. எதுக்கு... முதல் ஆர்டர், முன் பாக்கெட்டும் மேல் ஜிப்பும்.

ஒரு கொறை சொல்ல முடியலைங்க. அஞ்சு கட்டமும் நெறைஞ்சிருக்குது. ஏழு வருசத்துல இப்படி ஒரு சீட்டு எனக்கு வந்ததில்லை. முதலாளி சொல்லிட்டாரா, டப்பாவும் போகட்டும்னு? என்ன டப்பான்னு கேக்கவே இல்லையா அவரு? கேக்கமாட்டாரு.

இருங்க, எடுத்துட்டு வர்றேன்.

இந்தாங்க. டேப்பு பிரிக்கலை, பாருங்க, நான் ஒட்டுனது ஒட்டுனபடி. தூசி மட்டும் தொடச்சிருக்கறேன். எண்ணிக்கறீங்களா? வேண்டாமா. அவ எண்ணிக்குவா. சரியா இருக்கும்.

ஏனுங்க, ஒண்ணு. அவகிட்ட ஒரு போன் போடறீங்களா? நான் பேசலை. எங்கிட்டக் குடுக்க வேண்டாம். நீங்களே கேளுங்க, சும்மா கேக்கற மாதிரி. ஸ்டோர் பாக்கறதுக்கு ஆள் ஏதும் வேணுமான்னு. பேர் சொல்லுங்க, மறைக்க வேண்டாம். சென்னியப்பண்ணன் கேக்கறார்னு சொல்லுங்க. அவ தெரிஞ்சவதான். எனக்கு அவளும் அவளுக்கு நானும்.

அடிக்குதா? எடுத்துட்டாளா?

என்ன சொல்றா?

சிரிச்சாளா? இல்லையா. சும்மாதான் சொன்னாளா?

என்ன, சீட்டு எழுதிக் குடுக்கச் சொல்றாளா?

சரிங்க. அதுவும் மொறைதான். நான் வெச்ச மொறைதானே. எங்கிட்ட இன்னும் அம்பது சீட்டுக் கட்டு இருக்குது, பேனா மட்டும் குடுங்க. இந்த ஏழாம் நம்பர் மேல வெச்சே எழுதறேன்.

தேதி, போட்டுட்டேன். பொருள், சென்னியப்பன். எண்ணிக்கை, ஒண்ணு. அளவுக்கு வயசு போட்டுக்கறேன், அம்பத்தாறு.

எதுக்குன்னு ஒரு கட்டம் இருக்குதுங்களே...

இருங்க, போயிராதீங்க. எழுதிர்றேன். ஒரு நிமிசம். அதுல என்னங்க எழுதறது?